இன்றைய நிகழ்ச்சிகள்

போன மாதம் பழைய பேப்பர் எடைக்குப் போட்டேன். கட்டைத் தராசில் வைத்த கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார், ஆறு மாசத்துக்கு இவ்ளோதானா? முன்னெல்லாம் ரெண்டு மூட்டை கட்டுவீங்களே."

உண்மைதான். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று பேப்பர் வந்தது. இப்போது ஒன்று. அதுவும் பாதி நாள் மடிப்புக் கலையாமலே கட்டுக்குப் போய்விடுகிறது. நடுவில் ஏதாவது ரசீது செருகியிருக்குமோ என்று கடைசியாக ஒருமுறை புரட்டினேன். உள்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு செய்தி. எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம். இடம், தேதி, நேரம் எல்லாம் இருந்தது. தேதி போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. கூட்டம் நடந்த இடம் என் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. காசு கொடுத்து வாங்கிய அழைப்பைப் படிக்காமல் அடுக்கி வைத்து, கிலோ கணக்கில் விற்கப் போயிருக்கிறேன்.

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் குறித்துக் கூடுவார்கள். நகரத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பதற்கான வாசலை 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993லேயே திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் வந்து கூட்டம் போடும் நிலை வர 2022 ஆகிவிட்டது. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். முப்பது வருடம் இல்லாமல் இருந்த ஒன்று இப்போது இருக்கிறது. எனக்குத்தான் அது நடந்து முடிந்து எடைக்கட்டில் கிடைத்தது.

அப்பா இருந்திருந்தால் தவற விட்டிருக்க மாட்டார்.

அப்பாவுக்குப் பின்னி மில்லில் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்கு வருவதற்கு முன் தெருமுனை டீக்கடை. அங்கே ஒரே ஒரு தந்தி வரும். அதை ஆறு பேர் ஆறு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் கையில் முதல் பக்கம், ஒருவர் கையில் சினிமா, கடைசியாக வந்தவருக்கு வரி விளம்பரம். "அண்ணே, அந்த நடுப்பக்கத்தக் குடுங்க" என்று கை மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் நாங்கள் போனால் கன்னித்தீவை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவருவோம். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களும் அந்தப் பெஞ்சில் இருந்தார்கள். "படிச்சிச் சொல்லு வாத்தியாரே" என்றால் அப்பா சத்தமாகப் படிப்பார். ஒரு பத்தி முடிவதற்குள் யாராவது "அது பொய்ப்பா" என்பார்கள். அதோடு படிப்பது நின்று சண்டை ஆரம்பித்துவிடும். மாஸ்டர் கிளாஸை டங்கென்று வைத்து "காச வச்சிட்டுச் சண்ட போடுங்கப்பா" என்பார்.

இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நானும் நீட்டி முழக்கப் போவதில்லை. இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சண்டை ஓய்ந்ததும் அப்பா தாள்களைச் சேர்த்து வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரே ஒரு இடத்தில் கோடு போடுவார். "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி வரும். இன்னார் தலைமையில், இன்ன இடத்தில், மாலை இத்தனை மணிக்கு என்று வரிசையாக இருக்கும். பொதுக்கூட்டம், கண்டனக் கூட்டம், இரங்கல் கூட்டம், தொழிற்சங்கப் பேரவை, நடுவில் ஒரு கதாகாலட்சேபம். அப்பா கோடு போட்டால் சாயங்காலம் போகிறார் என்று அர்த்தம். பெஞ்சில் இருந்த மற்றவர்களும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். தலையங்கம் படித்துவிட்டு அவர்களில் ஒருவரும் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

பத்திரிகை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று மேடை மேடையாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தூண் அசையாமல் நிற்கும். எங்கள் தெருவில் பேப்பர் செய்த வேலை ஆளைக் கிளப்பி நடக்க வைத்தது. எங்கே, எத்தனை மணிக்கு, யாரைப் பார்ப்பது என்ற மூன்றும் தெரிந்தால் மனிதர்கள் போகிறார்கள். தெரியாவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்து கோபப்படுகிறார்கள்.

சென்னையின் பழைய பத்திரிகைக் கதைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. 1878இல் திருவல்லிக்கேணிப் பக்கத்து இளைஞர்கள் ஆறு பேர் சேர்ந்து 'தி இந்து'வை வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார்கள். முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளைக்காரர் நடத்திய பேப்பர்கள் இளப்பமாக எழுதியதற்குப் பதில் சொல்லத்தான் தொடங்கினார்கள். முதல் இதழ் 80 பிரதி. அந்த அறுவரில் ஒருவரான ஜி.சுப்பிரமணிய ஐயர் 1882இல் தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். இங்கிலீஷ் படித்தவர்களிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் ஊர் நகராது என்பது அவருக்கு நான்கே வருடத்தில் புரிந்திருக்கிறது. 1885இல் பம்பாயில் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவர்தான். எழுதிவிட்டு வீட்டில் இருந்தவர் இல்லை. விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்துவைத்து, சொந்த சாதியின் வசவையும் வாங்கிக்கொண்டவர்.

1882 இன்னொரு விதத்திலும் எனக்குப் பிடித்த வருடம். உள்ளூர் நிர்வாகத்தை உள்ளூர்க்காரர்களிடம் விட வேண்டும் என்று வைஸ்ராய் ரிப்பன் தீர்மானம் கொண்டுவந்தது அந்த வருடம். இந்திய மொழிப் பத்திரிகைகளின் கழுத்தைப் பிடித்திருந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தானதும் அதே ரிப்பன் காலத்தில்தான். பேப்பருக்கு வாயைத் திறந்துவிட்டவரும் முனிசிபாலிட்டிக்கு நாற்காலி போட்டவரும் ஒரே ஆள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பேர் வைத்தது பொருத்தம்தான்.

அப்புறம் நீதிக்கட்சி. அந்தப் பெயரைக் கட்சி தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. 1916இல் அது தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அடுத்த வருடம் 'ஜஸ்டிஸ்' என்று இங்கிலீஷிலும் 'திராவிடன்' என்று தமிழிலும் பேப்பர் நடத்தினார்கள். ஜனங்கள் பேப்பர் பெயரையே கட்சிக்கு வைத்துவிட்டார்கள். "ஜஸ்டிஸ் படிக்கிறவன்" என்பதே ஓர் அடையாளமாகி, 1920 தேர்தலில் ஆட்சிக்கும் வந்துவிட்டது.

எங்கள் பேட்டைக்காரனாக எனக்கு நெருக்கமான கதை 1918. பெரம்பூர் மில்களில் வேலை செய்தவர்களுக்கு மதிய இடைவேளை சாப்பிட்டுக் கை கழுவக்கூடப் போதாது. அவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் உதவி தேடிப் போனது வக்கீலிடமோ ஜமீன்தாரிடமோ இல்லை. அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா'வில் வேலை பார்த்த பி.பி.வாடியாவிடம். அந்த ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம். வாடியாவோடு நின்று தமிழில் பேசிய திரு.வி.க. அப்போது 'தேசபக்தன்' ஆசிரியர். தொழிலாளிக்குப் பேப்பர் ஆபீஸ் என்பது மனுக் கொடுக்கும் இடமாகவும் இருந்திருக்கிறது. எங்கள் தாத்தாவும் அந்தச் சங்கத்தில் சந்தா கட்டியவர் என்று அப்பா சொல்வார். ரசீது எதுவும் இல்லை, நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

திராவிட இயக்கத்துக்காரர்கள் இதை ஒரு தொழிற்சாலையாகவே ஆக்கிவிட்டார்கள். பெரியாருக்குக் 'குடிஅரசு', 'விடுதலை'. அண்ணாவுக்குத் 'திராவிட நாடு', கலைஞருக்கு 'முரசொலி', நாவலருக்கு 'மன்றம்', கண்ணதாசனுக்குத் 'தென்றல்'. அண்ணா "தம்பி" என்று தொடங்கிக் கடிதம் எழுதினால் படிக்கிற ஒவ்வொருவனும் தனக்கு வந்த கடிதம் என்று நினைத்துக்கொண்டான். இந்தத் தாள்கள் வந்து சேரும் இடம் தெருப் படிப்பகம். எங்கள் தெருவில் இருந்தது ஓர் ஓலைக்கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு கொடிக்கம்பம், சுவரில் அண்ணா படம். நூலகம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் 1959இல் திமுக முதன்முதலாகப் பிடித்த பெரிய நாற்காலி சென்னை மாநகராட்சி. கோட்டையைப் பிடிக்க இன்னும் எட்டு வருடம் இருந்தது. கோட்டைக்கு முன்னால் ரிப்பன் மாளிகை. அதற்கும் முன்னால் இந்த ஓலைக்கொட்டகைகள்.

எல்லாமே கட்சிப் பேப்பர், ஒருதலைப்பட்சம் என்பது தெரியாமல் இல்லை. எதிர்க்கட்சிக் கூட்டத்தில் பத்தாயிரம் பேர் என்றால் நம் பேப்பரில் "காலி நாற்காலிகள்" என்று வரும். அப்பா படிப்பகத்தில் 'முரசொலி' படித்துவிட்டு, முடிவெட்டும் கடைக்குப் போய் எதிர்த்தரப்புப் பேப்பரையும் பார்த்துவிட்டு வருவார். "ரெண்டு பேரும் எதப் பத்தி எழுதாம விட்டானுங்களோ, அதான் நம்ம தெரு மேட்டரு" என்பார். நடுநிலை என்ற பெயரில் யாருக்கும் வலிக்காமல் எழுதப்படும் இன்றைய பக்கங்களைப் பார்க்கும்போது, சண்டைக்காரப் பேப்பர்களே தேவலை என்று எனக்குத் தோன்றும். காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தி மாதிரி அச்சடிக்கும் வேலையைப் பிரஸ் கவுன்சிலே விசாரித்து 2010இல் அறிக்கை கொடுக்க வேண்டி வந்தது. கட்சிக்காரன் பேப்பரில் அவன் நிறமாவது தெரியும்.

ஆனால் டீக்கடைப் பெஞ்சைப் பற்றி உருகும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தப் பெஞ்சில் ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. படிப்பகத்திலும் இல்லை. அம்மா ஆறாவது வரை படித்தவள். அவளுக்குப் பேப்பர் கிடைத்தது அண்ணாச்சி கடைப் பொட்டலத்தில். பருப்பைக் கொட்டிவிட்டுத் தாளை நீவி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று படிப்பாள். பாதிச் செய்தி கிழிந்திருக்கும், தேதி பழசாக இருக்கும். "என்னங்க, கெரசின் விலைய எதுத்து மாதர் சங்கத்துக்காரங்க ஊர்வலம் போறாங்களாமே" என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டாள். அது முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன், பத்து வயது எனக்கு. இன்று உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2022இல் ரிப்பன் மாளிகையில் மேயர் நாற்காலியில் ஒரு தலித் பெண் உட்கார்ந்தார். அம்மா இதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். வாக்களிக்க அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனது அந்த 2022 தேர்தலுக்குத்தான்.

அந்தத் தேர்தலே பத்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்தது. 2011இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. ஐந்து வருடத்துக்கும் மேலாகச் சென்னையில் கவுன்சிலரே இல்லை. 200 வார்டு, ஒரு பிரதிநிதி கிடையாது. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்களித்தவர்கள் சுமார் 43.6 விழுக்காடுதான். சோம்பேறி நகரம் என்று மறுநாள் எல்லோரும் திட்டினார்கள். ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்த அன்றே கூட்டம் வரவில்லையே என்று கோபிப்பதில் என்ன நியாயம்? யார் நிற்கிறார்கள், வார்டு எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. என் வார்டு எண் மாறியிருந்தது எனக்கே பூத் ஸ்லிப் வந்த பிறகுதான் தெரிந்தது.

மயிலாப்பூர், அடையாறு, அண்ணா நகர் பக்கம் இந்த வேலையைச் செய்ய வட்டாரப் பேப்பர்கள் உண்டு. 'மயிலாப்பூர் டைம்ஸ்' மாதிரி இலவசமாக வாசலில் வந்து விழும். எந்தத் தெருவில் நடைபாதை உடைந்திருக்கிறது, எந்தப் பூங்காவுக்கு எப்போது பூட்டுப் போடுகிறார்கள், வார்டுக் கூட்டம் எங்கே என்பது வரை இருக்கும். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இலவசப் பேப்பர் விளம்பரத்தில் ஓடுகிறது. நகைக்கடையும் ஃபிளாட் விற்பவரும் பட்டுப்புடவையும் இருக்கிற தெருவுக்குத்தான் அது வரும். ஓட்டேரியில், வியாசர்பாடியில் அப்படி ஒன்று என் கைக்கு வந்ததே இல்லை.

என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வெட்டிப் போட்டு, கன்னித்தீவு மாதிரி முடியாமல் போய்க்கொண்டிருந்தது. போன் போட்டோம், புகார் எண் வாங்கினோம், "சரிசெய்யப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது, பள்ளம் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு நாளிதழுக்கு எழுதிப் போட்டேன். ஒரு நிருபர் தம்பி வந்து படம் எடுத்துப் போனார். நான்காம் நாள் செய்தி வந்தது, படத்தோடு. ஆனால் தெரு பேர் மாறிப் போயிருந்தது. அடுத்த வட்டத்தில் அதே தலைவர் பேரில் இன்னொரு தெரு உண்டு, அதைப் போட்டுவிட்டார்கள். இரண்டே நாளில் அந்தத் தெருவுக்கு ஜேசிபி போய் நின்றது. அங்கேயும் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது, மூடிவிட்டார்கள்!

எரிச்சல் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்காரர்கள் நான்கு பேர், கையில் பேப்பரோடு, என்னைத் தேடி வந்தார்கள். செய்தியில் என் பேர் இருந்ததே. "சார், நீங்க யாருன்னே தெரியல. எங்க தெருவுக்கு எழுதியிருக்கீங்க, ரொம்ப தேங்க்ஸ்." நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிடம் அமைதி. பிறகு அதில் ஒரு அம்மா, "அப்ப உங்க பள்ளம் அப்டியேதான் கீதா? வாங்க, சேந்து போலாம்" என்றார். திங்கட்கிழமை சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் போய் நின்றோம். பாதிப் பேர் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். வேலை முடிய இன்னும் ஒரு மாதம் ஆனது, அது வேறு கதை.

எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு, கரண்ட் எப்போது வரும் என்பதற்கு அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 2015 டிசம்பர் 2 அன்று, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் 'தி இந்து'வே அச்சாகாத வெள்ளத்தில், போனில் வந்த செய்திதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அந்தக் குழுவில் தப்பான தெருக்காரர் யாரும் வந்து சேர முடியாது. அட்மின் சேர்க்க மாட்டார். குட் மார்னிங் ரோஜாப்பூவுக்கு நடுவில் யாராவது கொஞ்சம் அரசியல் பேசினால் "நோ பாலிடிக்ஸ் பிளீஸ்" என்று ஒரு குரல் வந்துவிடும். பள்ளம் அரசியல் இல்லையாம்.

பேப்பரில் அழைப்பு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஒரு தொழிற்சாலையோ துறைமுக விரிவாக்கமோ வருவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கு 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்புப் போட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2022 ஏப்ரலில் சொத்துவரியைச் சென்னையின் பழைய பகுதிகளில் வீட்டின் அளவுக்கேற்ப 50 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியபோதும் ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்து அறிவிப்பு வந்தது. வாக்காளர் பட்டியல் முகாம், பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்க 7, திருத்த 8, எல்லாம் வருகிறது. எங்கே வருகிறது? டெண்டருக்கும் "என் கட்சிக்காரர் பத்திரம் தொலைந்துவிட்டது" நோட்டீசுக்கும் நடுவில், எறும்பு எழுத்தில், அரசாங்கத் தமிழில். சட்டத்துக்கு அது போதும். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். நடிகர் கட்சி தொடங்குவாரா மாட்டாரா என்பதற்கு முழுப்பக்கம் கொடுக்கிற நிருபர் மேசை, அதே தாளின் பத்தாம் பக்கத்தில் இருக்கும் அறிவிப்பைப் படித்து, பேச்சுத் தமிழில் நான்கு வரி எழுதிப் போடக் கூடாதா? 1942இல் மதுரையில் தந்தி தொடங்கிய ஆதித்தனார் பிடிவாதம் பிடித்ததே அதற்குத்தானே, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிய வேண்டும் என்று.

எடைக்கடைக்காரரிடம் அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, வார்டு அலுவலகத்துக்கு நேரில் போய், அடுத்த பகுதி சபை எப்போது என்று கேட்டேன். "பேப்பர்ல வரும் சார்" என்றார்கள். வந்தது. இந்த முறை கத்திரிக்கோலால் வெட்டி, தெருமுனை டீக்கடைக்கு எடுத்துப் போனேன். கடை கை மாறிவிட்டது, பெஞ்சு போய் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துவிட்டது, பேப்பர் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். வடைக் கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். எழுத்துப் பொடியாக இருந்தது.

"கண்ணாடி எடுத்தாரல சார். நீங்களே படிங்க."

படித்தேன். ஸ்டூலில் இருந்த இரண்டு பேர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். வாசலில் பார்சல் டீக்கு நின்றிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒரு எட்டு உள்ளே வந்தார்.

"இன்னொரு வாட்டி படிங்க சார். எத்தினி மணின்னு சொன்னீங்க?"